வோல்டேஜ் டிராப்: தமிழில் என்ன சொல்லலாம்?

கீழக்கரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மெக்கானிக் கையேட்டு வரைவில் ‘வோல்டேஜ் டிராப்’ வரும் இடமெல்லாம் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று இருக்கிறது. பாடநூலுக்குச் சரி. பட்டறையில் ‘வீழ்ச்சி’ என்றால் பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வருவது, கரண்ட் ஓடும்போது வயரும் கனெக்டரும் வழியில் தின்றுவிடும் வோல்ட். ‘வழியிழப்பு’ என்று வைக்கலாமா?

பாம்பன் முதல் தொண்டி வரை உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளுக்கு இந்த இழப்பை அளக்கும் சோதனை மிக அவசியம். கூலன்ட் வெப்பநிலை சென்சாருக்கு பி0118 என்ற பழுதுக் கோடு ஸ்கேனரில் வருகிறது என்று வையுங்கள். சிக்னல் வோல்ட் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. கனெக்டரைக் கழற்றி, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹார்னஸ் (வயர்க்கட்டு) பக்கத்து இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் கிட்ட வர வேண்டும். பிறகு அந்த இரண்டையும் துண்டு வயரால் சேர்த்தால், ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரியில் நின்றது சட்டென்று 120-க்கு மேல் தாவ வேண்டும். தாவினால் வயரும் ஈசியுவும் (என்ஜினை நடத்தும் கணினி) நல்லவை. சென்சாரையும் அதன் பின்னில் பூத்த பச்சையையும் பாருங்கள். தாவாவிட்டால் புது சென்சார் வாங்குவது வீண்.

5 வோல்ட் வந்துவிட்டதாலேயே வயர் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் 10 மெகா ஓம்; அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லை. செம்பு இழைகள் அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் முழு 5 வோல்ட்டும் காட்டும். சென்சாரை மாட்டி, கரண்ட் ஓடவிட்டு அளந்தால்தான் இழப்பு வெளியே வரும்.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, ‘வழியிழப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மின்கம்பியில் வாட் கணக்கில் வீணாவதையும் வழி இழப்பு என்றுதான் சொல்லத் தோன்றும். ‘அழுத்த இழப்பு’ என்று சுருக்கினால் இன்னும் குழப்பம்: பட்டறையில் அழுத்தம் என்றால் டயர், ஆயில், ஏசி கேஸ். ‘வோல்ட் இழப்பு’ போதுமே. வோல்ட் எல்லோர் வாயிலும் உள்ள சொல்.

எந்தப் பக்கத்து இழப்பு என்பதையும் சொல் காட்ட வேண்டும். மூன்று வயர் (சப்ளை, சிக்னல், எர்த்) சென்சாரில் எர்த் பக்கம் இழந்தால் சிக்னல் ஏறும். மூடிய நிலையில் 0.5 வோல்ட் தர வேண்டிய த்ராட்டில் சென்சார், எர்த்தில் 0.3 போனால் 0.8 பக்கம் காட்டும். 5 வோல்ட் சப்ளை பக்கம் இழந்தால் சிக்னல் இறங்கும். நம் கடல்மட்டத்தில் என்ஜின் ஓடாமல் சாவி ஆன் நிலையில் பல மேப் (இன்டேக் காற்றழுத்த) சென்சார்கள் 4 முதல் 4.5 வோல்ட் தரும். அதற்குக் கீழே நின்றால் முதலில் சப்ளை பின்னை அளக்க வேண்டும். ஆகவே ‘எர்த் வோல்ட் இழப்பு’, ‘சப்ளை வோல்ட் இழப்பு’ என்று கையேட்டில் இரண்டு சொற்பதிவுகள் கொடுப்போம்.

இன்னொன்று. வயரின் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தைக் கையேடு கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அந்த ஓட்டை வழியே உப்பீரம் இறங்கி உள்ளே செம்பு கறுத்துவிடும். கனெக்டரின் பின்புறம், ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய ஊசியை விட்டு அளக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி சொன்ன வாட் குழப்பம் நியாயம். ‘வழியிழப்பு’ வேண்டாம், ‘வோல்ட் இழப்பு’ இருக்கட்டும். பதிவு இப்படி:

எர்த் வோல்ட் இழப்பு: சுற்றில் கரண்ட் ஓடும்போது, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே தெரியும் வோல்ட். என்ஜினை ஓட்டி, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு அளக்கவும். 0.1-க்குள் இருக்க வேண்டும். மீறினால் ஈசியுவின் எர்த் பின்னில் மீட்டரின் ஒரு முனையை வைத்து மறுபடி அளந்து, இழப்பு சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவிலா, ஈசியுவுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவிலா என்று பிரிக்கவும்.