2020 ரமளான், ஊரடங்கில் பள்ளிவாசல் பூட்டியிருக்கு: வீட்டில் தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை), நோன்புக் கஞ்சி, ஊரில் தனியாக இருக்கும் வாப்பா (அப்பா)

கோவை உம்மு
அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). வீட்டில் என் கணவர், மாமி, 12 வயது மகன், 9 வயது மகள், நான். கணவருக்குக் கடைசிப் பத்து சூராக்கள்தான் மனப்பாடம். அதை வைத்துத் தராவீஹ் இருபது ரக்அத் (தொழுகையின் ஓர் அலகு) தொழவைக்க முடியுமா? நேரலையில் ஓதும் ஹஸ்ரத்தை, அதாவது இமாமை, பின்பற்றித் தொழுதால் கூடுமா? கஞ்சி இதுவரை பள்ளியிலிருந்துதான் வாங்கியிருக்கோம், ஐந்து பேருக்கு அளவு சொல்லுங்க. காயல்பட்டினத்தில் வாப்பா தனியாக இருக்காங்க, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. முப்பது நாளும் அவர்களை எப்படி நம்மோடு சேர்த்துக்கொள்வது?

மஸ்லஹத்
வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. நேரலையைப் பின்பற்றித் தொழக் கூடாது. இமாமும் பின்னால் நிற்பவரும் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே என்றால் ஷாஃபி மத்ஹபில் இடைவெளி சுமார் 300 முழம்தான். திரையில் தெரிவதும் குரல் கேட்பதும் அந்த இடத்தை நிரப்பாது. நெட் நடுவில் நின்றால் ருகூஉவா (குனிதலா) சஜ்தாவா (சிரம் பணிதலா) என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும். நேரலையை பயானுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தொழுகைக்கு உங்கள் வீட்டு இமாமே போதும்.

பத்து சூரா தாராளம். நம் ஊர்களில் ஃபீல் சூராவின் முதல் சொற்களை வைத்து "அலம்தர" தராவீஹ் என்பது இதுதானே. ஃபீல், குறைஷ், மாஊன், கவ்ஸர், காஃபிரூன், நஸ்ர், தப்பத், இக்லாஸ், ஃபலக், நாஸ் என்று ரக்அத்துக்கு ஒன்றாக ஓதி, நாஸ் முடிந்ததும் மறுபடி ஃபீலிலிருந்து. இரண்டு சுற்றில் இருபது. இதில் கணக்கு தானாக நிற்கும்: இரண்டு ரக்அத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஒவ்வொரு ஸலாமுக்குப் பிறகும் ஃபீல், மாஊன், காஃபிரூன், தப்பத், ஃபலக் இவற்றில் ஒன்றில்தான் தொடங்கணும். குறைஷில் தொடங்கினால் எங்கோ தவறிவிட்டது. முதல் சுற்றா இரண்டாவதா என்ற குழப்பம் மட்டும் வரும். முதல் நாஸுக்கு ஸலாம் கொடுத்ததும் மகள் ஒரு பேரீச்சங்கொட்டையை எடுத்துத் தட்டில் வைத்தால் அதுவும் தீர்ந்தது.

நீளமாக ஓத ஆசைப்பட்டால் முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் நூலை, பார்த்தும் ஓதலாம், ஷாஃபியில் தடையில்லை. ஹனஃபி வீடுகளில் இதைச் செய்யாதீங்க, இமாம் அபூ ஹனீஃபாவின் சொல்படி தொழுகை முறிந்துவிடும்.

நிற்கும் முறை: மகன் உங்கள் கணவரின் வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி. நீங்களும் மாமியும் மகளும் பின்னால் ஒரே ஸஃப்பாக (வரிசையாக). இமாம் தவறினால் மகன் "சுப்ஹானல்லாஹ்" சொல்லணும், பெண்கள் கையைத் தட்டணும். இரண்டாவதில் உட்காராமல் மூன்றாவதுக்கு எழுந்துவிட்டால் நினைவு வந்ததும் உட்கார்ந்து, அத்தஹிய்யாத் ஓதி, ஸலாமுக்கு முன் ஸஹ்வு சஜ்தா (மறதிக்கான சஜ்தா) இரண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாற்பது ஆண்கள் கூட வழியில்லை, ளுஹர் (நண்பகல் தொழுகை) நான்கு ரக்அத் தொழுதால் போதும்.

நொய்யரிசி
கஞ்சிக்கு அளவு, 200 மில்லி டம்ளர் கணக்கில்: பச்சரிசி நொய் 1, பாசிப்பருப்பு கால், தண்ணீர் 7, கடைசியில் தேங்காய்ப்பால் 1. வெந்தயம் அரை டீஸ்பூன்தான், கூடினால் கசக்கும். பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, ஒரு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, தக்காளி ஒன்று, பச்சைமிளகாய் இரண்டு, புதினா மல்லி கைப்பிடி வதக்குங்க. கொத்துக்கறி கிடைத்தால் 100 கிராம், இல்லாவிட்டால் கேரட். அரிசி பருப்பு தண்ணீர் சேர்த்து நான்கு விசில், பிறகு சிறுதீயில் ஐந்து நிமிடம்.

ஐந்து லிட்டர் குக்கர் வேணும். அரிசியும் பருப்பும் நுரைத்துப் பொங்கும், பாதிக்கு மேல் நிரப்பினால் கஞ்சி விசில் வழியாக அடுப்பில் வந்துவிடும். பால் ஊற்றியபின் கொதிக்க விடாதீங்க, திரிந்துபோகும். சூடேறினதும் இறக்கிடணும். நாலரை மணிக்கே காய்ச்சினால் மக்ரிபுக்குள் (சூரியன் மறைவதற்குள்) களியாகிவிடும். அப்போது பச்சைத்தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் விட்டுக் கலக்குங்க. கஞ்சிக்கு அரசு தரும் பச்சரிசியை இந்த வருடம் (2020) வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள், உங்கள் ஜமாஅத்தில் பெயர் கொடுத்தீர்களா? முழு அரிசியாக வந்தால் மிக்ஸியில் இரண்டு சுற்று, மாவாகக் கூடாது.

கடற்கரைக் காக்கா
நேரத்தை யாரும் சொல்லவில்லையே. டிவியில் வரும் சென்னை பாங்கைக் கேட்டுக் கோவையில் நோன்பு திறக்காதீங்கம்மா. மேற்கே தள்ளியிருப்பதால் கோவையில் சூரியன் பத்து நிமிடம் அளவுக்குப் பிந்தித்தான் மறையும். முன்பே திறந்தால் அந்த நோன்பு போச்சு, களா செய்யணும் (பிறகு ஈடாக நோற்கணும்). உங்கள் பள்ளி நோன்பு நேர அட்டையை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வாப்பாவுக்குக் காயல் அட்டை, அது வேற.

வாப்பாவுக்கு முதல் வேலை, மாத்திரை நேரத்தையும் அளவையும் டாக்டரிடம் போனிலாவது கேட்டு மாற்றுவது. காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு (வைகறை உணவுக்கு) நகர்த்தினால் பகலில் சர்க்கரை விழலாம். குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பார்க்கச் சொல்லுங்க. 70-க்குக் கீழேயோ 300-க்கு மேலேயோ போனால் உடனே திறந்துவிடணும், பாங்குக்கு இன்னும் அரை மணிதானே என்று காத்திருக்கக் கூடாது. விட்டதைப் பிறகு களா செய்துகொள்ளலாம்.

போன் நேரத்தை இஃப்தாருக்கு வைக்காதீங்க. அது துஆ நேரம், இரண்டு பக்கமும் அவசரம். சஹருக்கு எழுப்புவது பேரன் வேலையாக இருக்கட்டும்: அதிகாலை பாங்குக்கு ஒரு மணி நேரம் முன் ஒரு கால், எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று, அதற்கும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு. அந்த எண் இப்போதே கையில் இருக்கணும்.

அஸருக்குப் பிறகு குர்ஆன். 604 பக்க மதீனா முஸ்ஹஃபில் ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பாகம்) 20 பக்கம், ஐந்து வக்துத் தொழுகைக்கும் நான்கு பக்கம் வீதம் ஓதினால் வாப்பா மாதத்தில் ஒரு கத்தம் (முழுக் குர்ஆன்) முடிப்பாங்க. அதில் ஒரே ஒரு பக்கத்தைப் பேத்தி போனில் ஓதட்டும், வாப்பா திருத்தட்டும். இருவரும் சேர்ந்து ஓதினால் குரல் பிந்திவந்து மோதும், ஒருவர் ஆயத்தை முடித்தபின் மற்றவர். இரண்டு முஸ்ஹஃபும் ஒரே அச்சாக இருக்கணும், 13 வரி, 16 வரி அச்சில் பக்க எண் ஒத்து வராது. வாப்பாவிடம் எந்த அச்சு இருக்கு என்று கேட்டு அதையே எடுங்க.

கோவை உம்மு
ஜஸாக்கல்லாஹு கைர். வாப்பாவிடம் 13 வரி. எங்களிடமும் ஒன்று பரணில் இருக்கு, இறக்கிட்டேன்.