'கெட்' என்ற சொல்லை ஜெர்மன்காரர்களுக்கு எப்படி விளக்குவது?

பாம்பன் வாடை:
வணக்கம். பாம்பனில் எங்கள் வீட்டிலேயே இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து தங்கினார்கள். தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போகும்போது நான் பாட்டுக்கு கெட் ரெடி, கெட் இன், விண்ட் இஸ் கெட்டிங் ஸ்ட்ராங், கெட் டவுன் என்று சொல்லிக்கொண்டே போக, அரிச்சல்முனையில் அந்த அம்மா நோட்டை எடுத்து, இத்தனைக்கும் ஒரே சொல்லா, அதற்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டுவிட்டார். 'கிடைப்பது' என்றேன். பாதிக்குக்கூடப் பொருந்தவில்லை. ஜெர்மன் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கீழக்கரை காக்கா:
தம்பி, ஹாம்பர்க்கில் ஆறு வருசம் இருந்தவன் சொல்கிறேன். அவர்களுக்கு அது ஒரு சொல் இல்லை, ஐந்தாறு. கிடைத்தால் பெகோமன், பேச்சு வழக்கில் கிரீகன். போய் எடுத்துவந்தால் ஹோலன். காற்று வலுத்தாலும் இருட்டினாலும் வேர்டன், நம்ம 'ஆவது' மாதிரி. வண்டியில் ஏறினால் ஐன்ஷ்டைகன், இறங்கினால் அவுஸ்ஷ்டைகன். நாமும் ஏறு, இறங்கு, புரிந்தது என்று தனித்தனியாகத்தானே வைத்திருக்கிறோம், அந்த வழியாகவே விளக்குங்கள். வம்பு பெகோமனில்தான். காதுக்கு 'பிகம்' மாதிரி இருப்பதால், டீ வேண்டும் என்பவர் 'நான் டீ ஆகலாமா' என்று இங்கிலீஷில் கேட்டு வைப்பார், சிரித்துவிடாதீர்கள். சாப்பாடு ஒத்துக்கொள்வதற்கும் அதே பெகோமன்தான், அப்போது நம்மைப் போலவே 'எனக்கு' ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். நண்டுக் குழம்பு வைத்த மறுநாள் இது உதவும்.

மண்டபம் டீச்சர்:
'கெட் டவுன்' நம்ம ஊர் இங்கிலீஷ், தம்பி. பஸ்ஸிலிருந்து இறங்க கெட் ஆஃப், காரிலிருந்து இறங்க கெட் அவுட் என்றுதான் அவர்கள் படித்திருப்பார்கள். ஓடுகிற வண்டியில் திடீரென்று கெட் டவுன் என்றால் 'குனி, தலையைத் தாழ்த்து' என்றுதான் தோன்றும். இன்னொன்று, கெட் என்பது வைகிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலீஷுக்குள் வந்த சொல். அதன் உறவு ஜெர்மனிலும் உண்டு, ஃபெர்கெஸன், மறப்பது. ஃபர்கெட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாடை தெரியும்.

பாம்பன் வாடை:
அடப்பாவமே, அந்த ஐயா சீட்டுக்குக் கீழே குனிந்தது இதற்குத்தானா! செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். சரி காக்கா, 'அடி வாங்கினான்' என்று நாம் சொல்கிற மாதிரி அவர்களுக்கும் உண்டா?

கீழக்கரை காக்கா:
இருக்கே. ஷ்லேகெ கிரீகன். ஷ்லேகெ என்றால் அடிகள், கிடைப்பதற்குச் சொல்கிற அதே கிரீகன்தான். இதையும் வண்டியில் வைத்து விளக்கிவிடாதீர்கள் தம்பி, மறுபடி குனிந்துவிடுவார்.