“அழிக்காதீங்க தம்பி, எண்ணைப் பாருங்க”

கேமரா வாங்கிய முதல் மூன்று மாதம், படம் மங்கலாக வந்தால் அந்த இடத்திலேயே குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்கிவிடுவேன். பத்து எடுத்தால் எட்டு போய்விடும். கூடவே வந்த கிட் லென்ஸ்தான் மோசம் என்று முடிவுகட்டி, புது லென்ஸுக்குப் பணம்கூட சேர்க்க ஆரம்பித்திருந்தேன்.

அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள். இரவு நேரம், கூடத்தில் ஒரே விளக்கு. அவள் மெழுகுவத்தியை ஊதும்போது வரிசையாகத் தட்டினேன். பின்னாலிருந்த சுவர்க் கடிகாரம் முள் உட்பட பளிச்சென்று விழுந்திருக்கிறது, பிள்ளையின் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி. வழக்கம்போல அழிக்கப் போனேன். பக்கத்தில் அண்ணியின் உறவினர் ஒருவர், ஃபிலிம் காலத்திலிருந்தே கல்யாணப் படம் எடுத்தவர், கையை நீட்டித் தடுத்தார். “அழிக்காதீங்க தம்பி, எண்ணைப் பாருங்க.”

படத்தின் கீழேயே இருந்தது: 1/15 (ஷட்டர் திறந்திருந்த நேரம், நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு), எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ 800 (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்). அதுவரை அதைப் பேருந்துச் சீட்டின் எண்போலத்தான் நினைத்திருந்தேன். “கடிகாரம் தெளிவா இருக்கு, அப்போ உங்க கை ஆடலை. பிள்ளைதான் ஆடியிருக்கு. அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தா அது தலையை அசைக்காம இருக்குமா?” என்றார். லென்ஸில் இருந்த ஸ்டெபிலைசேஷன் என் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பிள்ளையை ஒன்றும் செய்யாது. இன்னொரு படத்தில் முகம் மங்கல், பின்னாலிருந்த திரைச்சீலை தெளிவு. அங்கே யாருமே ஆடவில்லை, ஃபோகஸ் திரையில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் நான் ‘மங்கல்’ என்று ஒரே கணக்கில் எழுதி லென்ஸின் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஷட்டரை 1/125-இல் வைக்கச் சொன்னார். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது, படம் கும்மிருட்டு. ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு அங்கேயே பூட்டி வைத்திருந்தவன் நான். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் 3200-க்குத் தள்ளினார். அது நான்கு மடங்கு. “ஜூமை முழுக்கப் பின்னால இழுங்க, 5.6 போய் 3.5 வரும். நீங்க ரெண்டு அடி முன்னால போங்க.” அதில் மீதி வெளிச்சமும் வந்துவிட்டது. மெழுகுவத்தியை மறுபடி ஏற்றி ஊத வைத்தோம், அவளுக்குக் கொண்டாட்டம்! ஐஎஸ்ஓ ஏறியதால் படம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் உப்பிய கன்னமும், நெற்றியில் ஒட்டியிருந்த ஜிகினாத் துண்டும் அப்படியே நின்றன. அண்ணி அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

லென்ஸ் இன்னும் வாங்கவில்லை.

*

மேலே எழுதியவருக்குப் பாடம் நடத்தியது உறவினர், எனக்குப் பாடம் நடத்தியது பூனை. வெள்ளைப் பூனை, வெள்ளைப் போர்வை, ஜன்னல் வெளிச்சம். எடுத்துப் பார்த்தால் பூனை சாம்பலில் புரண்டு வந்த மாதிரி இருக்கிறது. சரி, படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ்தான் கோளாறு என்று அரைமணி நேரம் அதையே திருகினேன். நீலமானது, மஞ்சளானது, வெள்ளை மட்டும் ஆகவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தை நாமே வெளுக்கவோ கறுக்கவோ வைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-க்கு ஏற்றியதும் பூனை வெளுத்தது. கறுப்புக் குடையை எடுத்தபோது நேர் எதிராக -1 வைக்க வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: வேலை முடிந்ததும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள். பூனைக்கு வைத்த +1-ஐ நான் மறந்துபோய் அடுத்த நாள் முழுக்க வானம் வெளுத்துக் காணாமல்போன படங்களாக எடுத்துவைத்தேன்.

*

முதலில் எழுதியவரே, நீங்களாவது அழிக்க ஏதாவது வைத்திருந்தீர்கள். நான் முதல் பயணத்தில் காலையிலிருந்து மதியம் வரை மெமரி கார்டே போடாமல் எடுத்தேன். ஷட்டர் ஜோராகச் சத்தம் போட்டது, எடுத்த படமும் திரையில் ஒரு கணம் வந்து போனது. கார்டு கணினியிலேயே செருகி இருந்தது. கார்டு இல்லாவிட்டால் ஷட்டரைப் பூட்டும் வசதி மெனுவில் இருக்கிறதாம், வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைத்தான் தேடினேன்.