புதுப்பிப்பு: மகளின் டான்சில் அறுவை சிகிச்சை, ஏழாம் நாள்

ஐந்து வயது மகளுக்கு டான்சில் அகற்றப்போகிறார்கள், உடனிருப்பவர் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மதுரையில் அறுவை முடிந்து மறுநாளே காரைக்குடி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் இரண்டு நாள் சுலபமாகக் கழிந்ததை நம்பி ஏமாந்தேன். நான்காம் நாள்தான் வலி உச்சத்துக்குப் போனது; அவள் காதைப் பிடித்துக்கொண்டு அழவும், காதிலும் சீழ் வைத்துவிட்டதோ என்று பதறினேன். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுவதால் தொண்டை வலி காதிலும் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். தொண்டையில் படர்ந்திருந்த வெள்ளைப் படலமும் சீழ் அன்று, புண் ஆறும் அடையாளமாம்.

தொண்டை உலர்ந்தால் வலி கூடும் என்பதால், வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் பாய் விரித்துப் படுக்கவைத்து, விழுங்க மறுத்தவளுக்குக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தோம். அப்பத்தா ஆசையாகக் கிண்டிய கவுனி அரிசி (கறுப்பரிசி) இனிப்பை அவளுக்குக் கொடுக்கவிடாமல் நான்தான் தடுத்தேன் (அதில் பாதியை நானே சாப்பிட்டது வேறு விஷயம்).

படலம் உதிரும் 5 முதல் 10 நாளுக்குள் ரத்தம் கசிய வாய்ப்புண்டு என்பதால் இன்னும் அவள் பாயருகிலேயே படுக்கிறேன். நேற்றிரவு இருமியபோது டார்ச் அடித்து எச்சிலைப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது.