ஏசி போட்டால் ஐடிலிங் இறங்கி வண்டி ஆஃப் ஆகிறது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து கேட்கிறேன். பழைய பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ளது. இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் ஆர்பிஎம் 500-க்கும் 1200-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது, ஏசி போட்டால் ஆஃப். பாம்பன் பாலத்தில் முன்னால் போகிறவர் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டால் நமக்கு மானம் போகிறது. மெக்கானிக் ஐடில் வால்வைப் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) புதிதாகப் போடச் சொல்கிறார். போடலாமா?

கீழக்கரைக்காரன்:
அவசரப்படாதீங்க தம்பி. ஆர்பிஎம் ஏறி இறங்கினால், எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இன்ஜினை ஓடவிட்டு வேக்குவம் ஹோஸ்களை (இன்ஜின் உறிஞ்சும் பக்கம் சேரும் ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நெரியுங்கள், எதை நெரிக்கும்போது ஆட்டம் அடங்குகிறதோ அந்த வழியில்தான் லீக். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

தொண்டி டிரைவர்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஏசி போட்டதும் ஆஃப் ஆவது வால்வைத்தான் காட்டுகிறது. கம்ப்ரசர் இழுக்கும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்த வால்வைக் கூடுதலாகத் திறக்கணும், கரி பிடித்து இறுகியிருந்தால் எப்படித் திறக்கும்? கழற்றி, திராட்டில் பாடி கிளீனர் அடித்துத் துடையுங்கள். அப்புறம் அதன் கனெக்டர், நம்ம உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் உலோகப் பின்களெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், அதையும் சுத்தம் செய்யாமல் புது வால்வு வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான்.

மண்டபம்:
பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ளே சேரும் புகையை மறுபடி இழுத்துக்கொள்ளும் குழாய்) அடிப்பக்கம் வெடித்திருக்கிறது, நெரித்ததும் ஆட்டம் நின்றது. ஏசிக்கு இன்னும் திணறுகிறது, நாளை வால்வைக் கழற்றுகிறேன்.