சொகுசு காரில் கூடுதல் வசதிகள்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

வழிப்போக்கன்
ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கும் ஏற்பாடு) போடலாமா, சாதாரண ஸ்பிரிங் போதுமா என்று பலரும் கேட்கிறீர்கள். எனக்கு இன்னும் ஆறாத ஒரு காலைப்பொழுதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆப்ஷனும் உள்ள கார், இரண்டாம் கையாக வாங்கியது, உத்தரவாதம் முடிந்திருந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். அப்பா பெட்டியோடு நிற்கிறார். காரின் முன்பக்க வலது மூலை மட்டும் தரையோடு அமுங்கிக் கிடக்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. எஞ்சினை இயக்கியதும் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. நெடுநேரம் உறுமியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. கார் எழவேயில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியை வாடகைக் காருக்கு மாற்றினார்.

பிரித்துப் பார்த்தபோது காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் மெல்லிய வெடிப்பு. இரவெல்லாம் காற்று கசிய, அதை ஈடுகட்டக் காலைதோறும் கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடிச் சூடேறி எரிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும். சாலையில் அந்தக் கார் தந்த சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வயதான காரில் இந்த வசதியை நம்பி ஒரு பயணத்தை முடிவு செய்ய எனக்கு இனி மனம் வராது.

அந்திவேளை
கதவைப் பற்றி யாருமே பேசவில்லை. லேசாகத் தள்ளினால் தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அத்தை பின்னிருக்கையிலிருந்து இறங்கும்போது ஊன்றிக்கொள்ள நடுத்தூணில் கை வைத்தார். முன்கதவை யாரும் அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்கள். மோட்டார் ஓடும் அந்த ‘உய்ங்’ சத்தம் கேட்டது. அத்தை கையை உருவிக்கொண்டார். மோதிரம் சிக்கி நசுங்கிவிட்டது. விரலில் தோல் உரிந்ததோடு போயிற்று.

சாதாரணக் கதவை அப்படி மெதுவாகச் சாத்தினால் விரலில் பட்டு நின்றுவிடும். இதில் முதல் பூட்டு பட்டதுமே மோட்டார் மீதி இடைவெளியை இழுத்து மூடிவிடுகிறது. நடுவில் இருப்பது காற்றா விரலா என்று பல கார்களில் அதற்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடிக்குத் தடை பட்டால் திரும்பி இறங்கும் ஏற்பாடு இருக்கிறது, கதவுக்கு இல்லை. குழந்தைகளும் முதியவர்களும் ஏறி இறங்கும் காரில் இதை வேண்டாம் என்றே சொல்வேன்.

தொலைதூரம்
வழிப்போக்கன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தேய்ந்த ரப்பரின் பழியை வசதியின் மேல் போடக்கூடாது. 1998-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் தலைமுறையிலிருந்து பார்க்கிறோம், காற்றுப் பை என்பது டயரைப் போலத் தேயும் பொருள். பராமரிப்புச் செலவோடு சேர்த்தே அதை வாங்க வேண்டும். என் அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எந்தக் காரில் ஏறினாலும் ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியை இறுகப் பிடித்தபடியேதான் வருவார். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில், பழுதான சாலையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். அதற்கு விலை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஏர் சஸ்பென்ஷனையும் எடுத்துக்கொண்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று 21 அங்குலச் சக்கரத்தையும் எடுக்கிறார்கள். பெரிய அலைகளைக் காற்றுப் பை வாங்கிக்கொள்ளும். ஓட்டை ஒடிசல், சாலை இணைப்புகள் போன்ற சின்னச் சின்னக் குத்தல்களை முதலில் வாங்க வேண்டியது டயரின் பக்கச்சுவர். அது மெலிந்துவிட்டால் மேலே எதைப் போட்டாலும் குத்தல் உடம்புக்கு வரும். காற்று போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர் என்றால் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. காசே கொடுக்காமல் கிடைக்கும் சொகுசு சிறிய சக்கரம்தான்.

வழிப்போக்கன்
தொலைதூரம், உங்கள் கார் இன்னும் உத்தரவாதத்தில் இருக்கிறதா?

தொலைதூரம்
இருக்கிறது. முடிந்த பிறகும் வைத்துக்கொள்வேன்.

மழைக்குருவி
நான் பனோரமிக் கூரையில், அதாவது திறக்கும் பெரிய கண்ணாடிக் கூரையில் பட்டவன். கனமழை ஓய்ந்து காரில் ஏறிக் காலை வைத்தால் கம்பளம் சொதசொதவென்றிருந்தது. கண்ணாடியில் விரிசல் இல்லை, ரப்பர் பட்டையும் நன்றாகவே இருந்தது.

இந்தக் கூரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். திறக்கும் கூரையின் ரப்பர் முழு நீரையும் தடுப்பதில்லை. உள்ளே வரும் நீரைச் சுற்றியுள்ள தொட்டி போன்ற பள்ளம் பிடித்து, மூலைகளில் இருக்கும் குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடும். மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் தூசியும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். நீர் எதிர்த்து ஏறிக் கூரைத் துணிக்குள்ளோ தூணின் உட்பக்கமோ இறங்கும். கூரையைத் திறந்து முன் மூலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், அடியில் அது வெளியேறுகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கட்டும். அடைத்திருந்தால் கம்பியால் குத்த வேண்டாம், அழுத்தக் காற்றும் அடிக்க வேண்டாம். உள்ளே இணைப்பு கழன்றால் மொத்த நீரும் காருக்குள்தான் இறங்கும். கம்பளத்துக்கு அடியில் பல கார்களில் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன, ஆகவே ஈரத்தைத் துடைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், கம்பளத்தைத் தூக்கிக் காய வையுங்கள். வாங்கும் முன் வீட்டில் உயரமானவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். கூரைச் சட்டம் தலைக்கு மேலுள்ள இடத்தைத் தின்றுவிடுகிறது. வெயிலில் நிற்கும் கார் என்றால் உள்திரை மெல்லிய துணியா, ஒளி புகாததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாதிராப்பயணி
ஷோரூமில் யாரும் காட்டாத வசதி ஒன்று இருக்கிறது, ஒலி தடுக்கும் லேமினேட்டட் பக்கக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். மோட்டார் இல்லை, ரப்பர் பை இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. நள்ளிரவில் லாரி ஒன்று ஒட்டி உரசுவதுபோல் ஹாரன் அடித்துக் கடந்தது. என் மகன் பின்னால் தலையைக்கூட அசைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆபத்தில் கண்ணாடியை உடைக்க வைத்திருக்கும் சுத்தியல் இதனிடம் செல்லாது. 2019-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. இப்படிக் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. உடைந்தால் பொடிப்பொடியாகச் சிதறும் சாதாரண டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன, லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றும் உடைக்கவில்லை. எந்த ஜன்னல் எந்த வகை என்று கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டி வையுங்கள்.

நிழல்தேடி
மசாஜ் இருக்கையைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும், அதனால்தான் விற்கிறது. உறையில் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று ஓடும் காற்றோட்ட இருக்கையின் அருமை நெடும்பயணத்தில்தான் தெரியும். 1997-இல் சாப் 9-5 காரில் வந்த பழைய வசதி. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இறங்கியபோது நண்பரின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, என்னுடையது உலர்ந்திருந்தது. இருவருக்கும் ஒரே கார். அவர் இருந்தது பின்னிருக்கை, அதற்குக் காற்றோட்டம் போடப்படவில்லை. பெரியவர்களைப் பின்னால் உட்கார வைப்பவர்கள் முன்னிருக்கைக்கு மட்டும் இதை வாங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இருக்கையின் தோலுறைக்குப் பூசும் கிரீமை அதன்மேல் நேராகப் பிழியாதீர்கள், துளைகள் அடைந்துவிடும். துணியில் எடுத்துத் தடவுங்கள்.

வழிப்போக்கன்
தொலைதூரம், சக்கர விஷயம் மனதில் நிற்கிறது. நான் பார்த்து வைத்திருக்கும் மாடலில் பிரேக் பெரியது. எவ்வளவு சிறிய சக்கரம் வரை போகலாம்?

தொலைதூரம்
ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் தாளையும் கையேட்டையும் பாருங்கள், அந்த எஞ்சினுக்கு அனுமதித்த அளவுகள் இருக்கும். அதற்குக் கீழே போனால் சக்கரம் பிரேக்கில் இடிக்கலாம். அனுமதித்ததில் ஆகச் சிறியதை மாட்டி, நீங்கள் தினமும் போகும் மோசமான சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.