பெங்களூரின் உயரமும் ஒத்ததிர்வு நீளமும்

கேள்வி (மல்லேஸ்வரம்):
வணக்கம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவையை) அடியில் நீர் உள்ள குழாயின் வாயருகே பிடித்தால், கால் அலைநீளமாகக் கணக்கிட்ட 16.7 செ.மீ.க்குப் பதிலாக ஏறத்தாழ 16 செ.மீ. காற்றுத்தம்பத்திலேயே ஒத்ததிர்வு (ஒலி சட்டென வலுப்பது) கேட்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் குறைந்த காற்றழுத்தம்தான் காரணமா?

பதில்:
அழுத்தம் காரணமன்று, ஐயா. அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால், ஒலியின் வேகம் பெரும்பாலும் வெப்பநிலையையே சார்ந்திருக்கிறது. 20 பாகை செல்சியஸில் அது வினாடிக்கு 343 மீட்டர். எதிர்க்கணு, அதாவது காற்று மிகுதியாக அதிரும் இடம், குழாயின் வாய்க்குச் சற்று வெளியே அமைவதால், ஆரத்தின் 0.6 மடங்கை முனைத்திருத்தமாக நீளத்துடன் கூட்ட வேண்டும்.

கேட்டவர்:
உள்விட்டம் 2.5 செ.மீ. என்பதால் திருத்தம் 0.75 செ.மீ. வருகிறது, பொருந்துகிறது. மிக்க நன்றி.

மற்றொரு பதில்:
நீர்மட்டத்தை மேலும் இறக்கினால் 49.5 செ.மீ. அருகே இரண்டாம் ஒத்ததிர்வு கேட்கும். இரு நீளங்களின் வேறுபாடு அரை அலைநீளமாகையால் முனைத்திருத்தம் தானே நீங்கிவிடும். மாணவர்களுக்கு இம்முறையையே முதலில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.